பூங்காவில் நான் ஊதிய விசில்

பூங்காவில் ரோந்து சுற்றுகிறவருக்குச் சம்பளம் கிடையாது, சீருடை துவைக்கிற சோப்புக்கூடச் சொந்தக் காசுதான், ஆனால் திட்டு மட்டும் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கும்.

நான் பஞ்சவர்ணம். ரேஷன் கடையில் விற்பனையாளராக இருந்து ஓய்வு பெற்றவள். 'வரிசையில நில்லுங்க' என்று கத்திக் கத்தியே தொண்டை தடித்துப்போனவள். அதனால் தெருவில் பூங்காவுக்கு ஒரு ரோந்துக் குழு வேண்டும் என்று பேச்சு வந்ததும் எல்லாரும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். உங்கள் பக்கத்திலும் ஒரு பூங்கா இருக்கும். பெஞ்சுக்கு அடியில் காலி பாட்டிலும் குழந்தைகள் ஊஞ்சலில் மீசை வைத்த ஆளும் இருப்பதைப் பார்த்துவிட்டு, நமக்கு எதற்கு வம்பு என்று வீடு திரும்பியிருப்பீர்கள். ஆகவே நீங்களும் நம்ம ஆள்தான்.

பழங்காநத்தத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பூங்கா அது. புகார் மேல் புகார் போனதில் வார்டு ஆபீசில் சலித்துப்போய்விட்டார்கள். பொங்கல் வரைக்கும் பார்ப்போம், அதற்குள் சரியாகாவிட்டால் சாயங்காலம் ஐந்து மணிக்கே பூட்டுப் போட்டுவிடுவோம் என்றார்கள். தெருக்காரர்களுக்கு அது வருத்தம். எனக்கு அது வருத்தத்தோடு போகிற சேதியில்லை. என் வீட்டுக்காரர் அரசு பஸ் டிரைவராக இருந்தவர். பெரியார் நிலையத்திலிருந்து சமயநல்லூர், அலங்காநல்லூர் என்று ஆயுசெல்லாம் ஓட்டியவர். போன வருஷம் வாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டது. நடந்தால் கால் திரும்பும், நடக்காவிட்டால் கட்டிலோடு போய்விடும் என்று டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார். காலையில் அந்தக் கால் மரக்கட்டையாக விறைத்திருக்கும். வெயில் தாழ்ந்த பிறகுதான் இளகும். அந்த நேரத்தில் எங்கள் தெருவில் நல்ல கால் உள்ளவர்களாலேயே நடக்க முடியாது. கடை வாசலில் பைக், பைக்குக்கு வெளியே தள்ளுவண்டி, அதற்கும் வெளியே பஸ். பூங்காவைச் சுற்றிப் போட்டிருக்கிற நடைபாதை ஒன்றுதான் அவருக்குத் தோதான இடம். ஐந்து மணிக்குப் பூட்டினால் அவர் எங்கே நடப்பார்?

அவருக்கு மட்டும் இந்தக் கவலை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. நலம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் ஒரே பதில்தான்: "கிளட்ச்சு காலு போயிருச்சு. பிரேக்கு காலு நல்லாத்தான் இருக்கு. வண்டி நிக்கும், எடுக்குறதுதான் செரமம்."

மஞ்சள் சட்டை

குழுவில் மூன்று பேர். நான், ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர் கோதண்டராமன் சார், எங்கள் தெரு ஆட்டோக்காரர் நாகராஜ். சார் தன் செலவில் மூன்று பேருக்கும் மஞ்சள் நிறத்தில் ஒளிரும் மேல்சட்டையும் ஆளுக்கொரு விசிலும் வாங்கிவந்தார். ஆனால் அவருக்குப் பல்செட். ஒருதடவை ஊதிப் பார்த்ததில் விசிலோடு பல்லும் வெளியே வரப் பார்த்தது; அதோடு விட்டுவிட்டார். நாகராஜோ தன் தொண்டையே போதும் என்றான். அதனால் விசில் ஊதும் பொறுப்பு முழுவதும் என் தலையில் விழுந்தது. மறைப்பானேன், எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. ரேஷன் கடையில் எனக்கு மட்டும் ஒரு விசில் இருந்திருந்தால் என் தொண்டை இன்றைக்கு இப்படி இருக்காது.

முதல் நாள் மூவரும் மேல்சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் மிடுக்காக நின்றோம். ஸ்கூட்டரில் வந்த ஒரு பெரியவர் எங்களைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தினார். இறங்கிவந்து எங்களை ஏற இறங்கப் பார்த்தார். நல்ல வேலை செய்கிறோம் என்று பாராட்டப் போகிறார் என்று சார் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். பெரியவர் சொன்னார்: "மூணு பேரா வந்து மஞ்சச் சட்டையப் போட்டுக்கிட்டு நின்னா ஆச்சா? எங்க தெரு சாக்கடைய யாரு அள்ளுவா?"

ஹெட்மாஸ்டரின் அறிவுரை

பூங்காவின் நடுவில் கூரை போட்ட ஒரு சின்ன மண்டபம் உண்டு. மழைக்கு ஒதுங்கக் கட்டியது. அதில் சீட்டாடுகிறவர்கள் ஒதுங்கி வருஷக்கணக்காகிறது. காசு வைத்து ஆடுவதில்லை, கத்தல் மட்டும்தான். ஆனால் அந்தக் கத்தலில் பிள்ளைகளோடு வருகிற பெண்கள் அந்தப் பக்கமே போவதில்லை. இவர்களிடம் விசில் பலிக்காது, அறிவுரைதான் பலிக்கும் என்று சொல்லிவிட்டு ஹெட்மாஸ்டர் சார் தனியாகப் போனார். நான் நடைபாதையை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தேன். மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. அடடா, படித்த மனுஷன் படித்த மனுஷன்தான் என்று நினைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன்.

சார் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் விசிறி மாதிரி பதின்மூன்று சீட்டு. ஏதோ ஒரு ஆட்டத்தில் தகராறாம், நியாயம் சொல்லச் சொன்னார்களாம், விதியைப் புரியவைக்க ஒரு ஆட்டம் ஆடிக் காட்டவேண்டியதாகிவிட்டதாம். 'சார்' என்று நான் ஒரு அதட்டல் போட்டேன். அவர் தலை நிமிரவில்லை. எதிரே இருந்த லேத் பட்டறைக்காரர்தான் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு என்னிடம் கிசுகிசுத்தார்: "யக்கா, சார வையாதீக. அவருக்கு இப்பத்தான் ஜோக்கரு விழுந்திருக்கு."

நுரை

இப்போதெல்லாம் பிறந்தநாள் என்றால் கேக்கை வெட்டித் தின்பதில்லை, மூஞ்சியில் அப்புகிறார்கள். அதோடு டப்பாவிலிருந்து பீய்ச்சுகிற வெள்ளை நுரை வேறு. ஒரு சாயங்காலம் காலேஜ் பையன்கள் கூட்டமாக வந்து நடைபாதையில் நுரையை அடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிமெண்டுத் தரையில் நுரை விழுந்தால் எண்ணெய் விட்டது போல வழுக்கும். என் வீட்டுக்காரர் அந்த வளைவுக்குத்தான் வந்துகொண்டிருந்தார். மூச்சைப் பிடித்து ஒரே விசில், நீளமாக ஊதினேன். பையன்கள் நின்றார்கள். திரும்பிப் பார்த்தால் என் வீட்டுக்காரரும் அங்கேயே நின்றிருந்தார். பாவம், பயந்துவிட்டார் என்று ஓடிப்போய் கையைப் பிடித்தேன். அவர் என்னையும் விசிலையும் மாறி மாறிப் பார்த்தார்.

பையன்கள் நல்ல பிள்ளைகள்தான். குழாயிலிருந்து தண்ணீர் பிடித்துவந்து தரையைக் கழுவினார்கள். எனக்கும் ஒரு துண்டு கேக் வந்தது. வாங்கிக்கொண்ட பிறகு வாழ்த்தாமல் இருந்தால் நன்றாக இருக்காதே என்று, மூஞ்சியெல்லாம் கிரீம் அப்பிக் கிடந்த பையனிடம் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னேன். அவன் கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டு சொன்னான்: "எனக்குப் பொறந்தநா சித்திரையிலம்மா. இன்னைக்கு யாருக்குன்னு தெரியல. மூஞ்சியக் காட்டுனு சொன்னாய்ங்க, காட்டுனேன்."

பெஞ்சில் ஒரு ஜோடி

நெல்லி மரத்தடி பெஞ்சில் தினமும் ஒரு ஜோடி வந்து உட்காரும். முகத்தோடு முகம் வைத்துக் குசுகுசுவென்று பேசும். பூங்காவில் காதலர்களை விரட்டுவது எங்கள் வேலையில் சேராது என்பது என் கட்சி. பொது இடத்தில் இதெல்லாம் கூடாது என்பது நாகராஜ் கட்சி. அவனே போய் விசாரித்துவிட்டு வருவதாகக் கிளம்பினான். போன வேகம் என்ன, திரும்பி வந்த சுருக்கு என்ன. என்னவென்று கேட்டால், நீங்களே போய்ப் பாருங்க என்றான். அப்புறம் நானே போனேன்.

அவர்கள் புருஷன் பெண்டாட்டி. கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். மாமனார், மாமியார், கொழுந்தன் குடும்பம் என்று எல்லாரும் ஒரே வீட்டில். கிட்டப் போய்க் கேட்டபோதுதான் அந்தக் குசுகுசுப்பு என்னவென்று புரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அந்தப் பெண் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "வீட்டுல நிம்மதியா ஒரு சண்டை போட எடமில்லக்கா. இன்னைக்கு அவுக அம்மா விசயம். கொஞ்ச நேரத்துல முடிச்சுட்டு எந்திரிச்சிருவோம்."

மண் குத்த வந்தவர்

மார்கழி பிறந்தால் எங்கள் ஊரில் காளைகளுக்குப் பயிற்சி ஆரம்பித்துவிடும். நடை, நீச்சல், கொம்பால் மண் குத்துவது என்று பிள்ளையைப் பரீட்சைக்குத் தயார் செய்கிற மாதிரி தயார் செய்வார்கள். ஒரு சாயங்காலம் பூங்காவுக்குள் ஒரு கருப்புக் காளையைக் கூட்டிக்கொண்டு ஒருவர் வந்துவிட்டார். சறுக்கு மரத்துக்குக் கீழே பிள்ளைகளுக்காகக் கொட்டியிருந்த மணல் அவருக்குப் பிடித்துவிட்டதாம். இங்கே நாயைக் கூட்டிவரக் கூடாது என்று பலகை வைத்திருக்கிறதே என்றேன். காளை என்று அதில் எழுதவில்லையே என்று அவர் பதில் சொல்வதற்குள் காளை மணலில் கொம்பை இறக்கி ஒரு புரட்டுப் புரட்டியது. நான் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தேன். விசிலை எடுத்து ஊதிவிட்டேன்.

காளை நிமிர்ந்தது. அப்புறம் பூங்காவில் யாரும் தரையில் இல்லை. ஹெட்மாஸ்டர் சார் சறுக்கு மரத்தின் உச்சியில் இருந்தார். எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது. சீட்டாடுகிறவர்கள் மண்டபத் தூணைக் கட்டிக்கொண்டார்கள். நான் பெஞ்சின் மேல் நின்றேன். என் வீட்டுக்காரர் மட்டும் நடைபாதையில் நட்டுவைத்த கம்பம் போல அசையாமல் நின்றார். காளை அவர் பக்கம் போய், வேட்டியை ஒருதடவை மோந்து பார்த்துவிட்டு, தன் பாட்டுக்கு விலகிப் போனது. உயிர் திரும்பி வந்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. காளைக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னைக் கோபித்தார்: "விசில் சத்தம் கேட்டா வாடிவாசல்னு நெனச்சுக்கிரும் யக்கா. அந்தா நிக்கிறாரே அண்ணே, அவருக்குத் தெரிஞ்சிருக்கு. ஒங்களுக்குத் தெரியலையே."

தண்ணித் தொட்டிக்குப் பின்னால்

இதுவரைக்கும் சிரித்தீர்கள். இந்த ஒன்றில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு நாள் வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரின் செருப்பைக் கழற்றிவிட்டபோது உள்ளே ரத்தம். கண்ணாடிச் சில்லு செருப்பைத் துளைத்துக்கொண்டு உள்ளங்காலில் ஏறியிருந்தது. இடது காலில் உணர்ச்சி கம்மி என்பதால் அவருக்குத் தெரியவே இல்லை. அதை வைத்துக்கொண்டே நடந்திருக்கிறார். தண்ணித் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து குடிக்கிறவர்களின் வேலை என்று தெரியும். காலைக் கழுவிக் கட்டுப் போட்டுவிட்டு, அந்தச் சில்லைக் கையில் எடுத்துக்கொண்டு நேராகப் பூங்காவுக்குப் போனேன்.

நாகராஜ் எனக்கு முன்னால் கையை முறுக்கிக்கொண்டு போனான். தொட்டியைச் சுற்றி எட்டிப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். அங்கே உட்கார்ந்திருந்த நாலைந்து பேரில் ஒருத்தர் அவன் பெண்டாட்டியின் அண்ணன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டார்கள். நான் யாரையும் வையவில்லை. ரத்தக் கறையோடு அந்தச் சில்லை அவர்கள் நடுவில் வைத்துவிட்டு, இது என் வீட்டுக்காரர் காலில் இருந்தது என்று மட்டும் சொன்னேன். விசிலை எடுக்கவே தோன்றவில்லை. அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். மறுநாள் சாயங்காலம் நாங்கள் வருவதற்கு முன்னாலேயே நாகராஜின் மச்சான் ஒரு விளக்குமாற்றோடு நடைபாதையில் குனிந்து நின்றிருந்தார். என்னைக் கண்டதும் நிமிராமலே சொன்னார்: "அண்ணே காலுன்னு தெரியாதுக்கா. எங்க ஊரு வண்டிய அம்புட்டு வருசம் ஓட்டுனவரு. இனிமே இங்க ஒக்கார மாட்டோம்."

டாக்டரும் புதிரும்

பூங்கா இப்படித் தேறிக்கொண்டு வந்தபோது வீட்டுக்காரர் மோசமாகிக்கொண்டு வந்தார். நன்றாக நடந்துகொண்டே இருப்பார், நடுவழியில் திடீரென்று நின்றுவிடுவார். நான் போய்க் கையைப் பிடித்து இழுத்தால்தான் அடுத்த அடி. முன்பு ஒருநாளும் இப்படி நின்றதில்லை. ரோந்து ஆரம்பித்த பிறகுதான் இது ஆரம்பித்தது. நான் பூங்காவைப் பார்க்கிற மும்முரத்தில் அவரைக் கவனிக்காமல் விட்டேனோ என்று எனக்குத் தூக்கமே போச்சு. இத்தனை பாடுபட்டுப் பூங்காவைத் திறந்து வைத்திருந்தும் நடக்க வேண்டியவரே நின்றுபோனால் என்ன பிரயோஜனம்?

நாகராஜின் ஆட்டோவில் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் காலைத் தட்டினார், மடக்கினார், அறைக்குள் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடக்கவிட்டார். வீட்டுக்காரர் ஒரு இடத்தில்கூட நிற்காமல் ஜம்மென்று நடந்து காட்டினார். டாக்டர் என்னைத்தான் சந்தேகமாகப் பார்த்தார்: "நல்லா நடக்குறாரேம்மா. நீங்க வேணா ரெண்டு நாளு நல்லா தூங்கி எந்திரிங்க."

ஹெல்மெட் போட்டவர்

பொங்கல் நெருங்கிய ஒரு சாயங்காலம். வார்டு ஆபீசிலிருந்து மேற்பார்வையாளர் எந்த நாளும் வரலாம் என்று தகவல் வந்திருந்ததால், ஒரு சின்னத் தப்பும் நடந்துவிடக் கூடாதென்று நான் விசிலை வாயிலேயே வைத்திருந்தேன். அப்போது பக்கவாட்டு வாசல் வழியாக ஹெல்மெட் போட்ட ஒருத்தர் பைக்கோடு நடைபாதையில் ஏறிவிட்டார். நடைபாதையில் பைக்! ஊதினேன் பாருங்கள் ஒரு விசில், அந்த ஆளுக்கு ஹெல்மெட்டுக்குள்ளேயே காது அடைத்திருக்கும். பைக் நின்றது. பைக்குக்கு முன்னால் நடந்துகொண்டிருந்த என் வீட்டுக்காரரும் நின்றார். இரண்டு பக்கமும் கம்பி வேலி. அவரைத் தாண்டி வண்டி போக வழியில்லை. வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். மேற்பார்வையாளரேதான். நான் விசிலை வாயிலிருந்து எடுத்தேன்.

'கொஞ்சம் ஒதுங்கிக்கங்க பெரியவரே' என்றார் அவர். வீட்டுக்காரர் அசையவில்லை. உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டார். இல்லை என்று இவர் தலையாட்டினார். பிறகு ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டதும் என் வீட்டுக்காரர் சாவகாசமாகத் திரும்பி, நாக்குக் குழறாமல் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்: "ஒரு விசில் குடுத்துட்டாக. ஒரு விசிலுன்னா நிப்பாட்டணும். ரெண்டு விசில் வந்தாத்தான எடுக்க முடியும்?"

ரெண்டு விசில்

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ஆயுசெல்லாம் பின்னாலிருந்து கண்டக்டர் ஒரு விசில் கொடுத்தால் நிறுத்தி, இரண்டு கொடுத்தால் எடுத்த மனுஷன். நுரையை மிதிக்காமல் நின்றதும் விசிலுக்கு. காளை முன்னால் நின்றதும் விசிலுக்கு. டாக்டர் அறையில் யாரும் ஊதவில்லை, அவரும் நிற்கவில்லை. அவர் கால் கெட்டுப்போகவே இல்லை. நான்தான் சாயங்காலம் முழுக்க ஒற்றை விசிலாக ஊதி ஊதி அவரை நடுவழியில் நிறுத்திவைத்திருக்கிறேன். இத்தனை நாள் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தது இறங்கியதில் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. விசிலை எடுத்து இரண்டு தரம் ஊதினேன். வண்டி புறப்பட்டது.

மேற்பார்வையாளர் என்ன செய்வார்? பைக்கை அணைத்து, தள்ளிக்கொண்டே என் வீட்டுக்காரர் பின்னால் போனார். முந்த முடியாது, ஹாரன் அடிக்க மனசில்லை. முழுச் சுற்றும் அந்த வேகத்திலேயே போனார். சீட்டாடுகிறவர்கள் வீட்டுக்காரர் வருவதைப் பார்த்துக் குரலைத் தணித்துக் காலை மடக்கிக்கொண்டார்கள். காலேஜ் பையன் ஒருத்தன் வழியில் கிடந்த வாட்டர் பாட்டிலை எடுத்து ஓரமாகப் போட்டான். நெல்லி மரத்தடி ஜோடி சண்டையை நிறுத்தி வணக்கம் சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. நாகராஜின் மச்சான் விளக்குமாற்றோடு ஒதுங்கி நின்றார். சுற்று முடிந்து வாசலுக்கு வந்தபோது மேற்பார்வையாளர் சட்டையெல்லாம் வியர்வை. பூட்டு வேண்டாம், எட்டு மணி வரைக்கும் திறந்தே இருக்கட்டும் என்றார். போகும்போது என்னைப் பார்த்து ஒன்று சொன்னார்: "ரவுண்டு முழுக்க ஒரு தொந்தரவும் கண்ணுல படலம்மா. அந்த விசில் ஒண்ணுதான்."

வீடு திரும்புகிற வழியில் வீட்டுக்காரரிடம் கோபித்துக்கொண்டேன். நான் ராத்திரி தூங்காமல் கிடந்தேன், ஆட்டோ பிடித்து டாக்டரிடம் ஓடினேன், ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். அவர் நடையை நிறுத்தாமல் சொன்னார்: "காலு தானா நின்னுருது பஞ்சு, நான் என்ன பண்ண? நீ டாக்டரத்தான கேட்ட, என்னயக் கேக்கலையே."

பழங்காநத்தத்தை ஒழுங்குபடுத்தக் கிளம்பிய எங்கள் ரோந்துக் குழுவின் விசிலுக்கு இன்று வரை ஒழுங்காகக் கட்டுப்பட்டவர் ஒரே ஒருவர்தான், அவருக்கும் இப்போது நான் மறக்காமல் இரண்டாகவே ஊதுகிறேன்.